புதுக்கோட்டையைத் தொட்டால் அறந்தாங்கி எப்படி வருகிறது?

தமிழக அரசின் இணையதளத்தில் பட்டா பார்க்க 'புதுக்கோட்டை' என்று தேர்ந்தெடுத்தால், அடுத்த பெட்டியில் ஆலங்குடி, அறந்தாங்கி, திருமயம் என அந்த மாவட்டத்து வட்டங்கள் மட்டும் இறங்குகின்றன. எப்படி?

பெயர் நமக்குத்தான், கணினிக்கு அதன் பின்னால் ஒளிந்திருக்கும் குறியீட்டு எண் போதும். இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் 'செலக்ட்' என்பது பெட்டி, 'ஆப்ஷன்' அதிலுள்ள ஒவ்வொரு வரி. மாவட்டம் மாறியதும், வழக்கமாகப் பக்கத்தில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அந்த எண்ணைச் சர்வருக்கு அனுப்பி, உரிய வட்டங்களை வாங்கி, பழைய வரிகளை அழித்துவிட்டு நிரப்பும். அழிக்க மறந்தால், அடுத்துத் தஞ்சாவூரைத் தேர்ந்தெடுக்கும்போது திருமயமும் அதோடு சேர்ந்துவிடும்!

பெட்டிக்குப் பதிலாக நாமே தட்டச்சு செய்தால் என்ன? அறந்தாங்கியை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவோம். ஓரெழுத்து பிசகினாலும் தேடல் கைவிரித்துவிடும். ஆனால் கிராமப் பட்டியல் நீளமானால் இதே பெட்டி தொல்லைதான். செல்போனில் விரல் தேய உருட்ட வேண்டும்.