10 லட்சம் பேரில் உங்களைத் தேடுவது எப்படி?

செலாயாங் மருத்துவமனை 1999இல் திறக்கப்பட்டபோது, மலேசியாவின் முதல் காகிதமில்லா மருத்துவமனை எனப் பேசப்பட்டது. மருத்துவரின் குறிப்பு, இரத்தப் பரிசோதனை முடிவு, எக்ஸ்ரே படம் எல்லாம் அப்போது கணினியில்தான் இருந்தன. கட்டுக்கட்டான கோப்புகளைத் தேடி ஊழியர்கள் அலைய வேண்டியிருக்கவில்லை. அப்படியானால், இத்தனை பேருக்கு நடுவே உங்கள் விவரத்தைக் கணினி எப்படி நொடியில் எடுக்கிறது?

இதுபோன்ற தகவல்களை அட்டவணைகளாகப் பிரித்து வைக்கும் முறைக்குத் 'தொடர்புசார் தரவுத்தளம்' என்று பெயர். ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் 1970இல் இதை முன்வைத்தார். ஓர் அட்டவணையில் நோயாளிகளின் பெயர்கள் இருக்கும். இன்னொன்றில் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகள் இருக்கும். இரண்டையும் இணைப்பது நோயாளி எண்.

10 லட்சம் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் நேரமாகும். அதனால் 'இண்டெக்ஸ்' தேவைப்படுகிறது. பாடநூலின் கடைசிப் பக்கங்களில் சொற்களை அகர வரிசையில் அடுக்கிப் பக்க எண் தந்திருப்பார்கள் அல்லவா? அதுபோல, நோயாளி எண்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எங்கே உள்ளது எனக் காட்டும் பட்டியல் இது. பட்டியலின் நடுவில் பாருங்கள். தேடும் எண் அதைவிடப் பெரியதென்றால் முன்பாதி வேண்டாம். இப்படி 20 முறை பாதியாக்கினால் 10 லட்சத்தில் ஒன்று கிடைத்துவிடும்! 'பி-மரம்' என்ற அமைப்பு ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிவதால், மூன்று நான்கு படிகளே போதும்.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் இண்டெக்ஸ் போடலாமா? கூடாது. புதிய வரி ஒன்று சேரும்போதெல்லாம் அத்தனை இண்டெக்ஸையும் திருத்த வேண்டும். பதிவு செய்யும் வேலை மெதுவாகிவிடும்.

இனி ஓர் ஆபத்தைப் பார்ப்போம். 512ஆம் எண் நோயாளிக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என வைத்துக்கொள்வோம். அவருடைய பெயர் வரியை யாரோ தவறுதலாக அழித்துவிட்டால், அந்த எச்சரிக்கை யாருக்கு உரியது என்றே தெரியாது. அதே எண் வேறொருவருக்குப் போனால் இன்னும் மோசம். இதைத் தடுக்க, 'இந்த வரி அந்த வரியைச் சார்ந்தது' என்று தரவுத்தளத்திடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அதன்பின் பெயரை அழிக்க முயன்றால், "இதை நம்பி வேறு வரிகள் உள்ளன" என்று அது மறுத்துவிடும்.

மறுப்பதற்கு முன், 512ஐச் சார்ந்த வரி உண்டா என்று மருந்து அட்டவணையில் தேட வேண்டுமே? அங்கும் நோயாளி எண்ணுக்கு இண்டெக்ஸ் இருந்தால்தான் பதில் விரைவாக வரும். பல தரவுத்தளங்கள் இதைத் தாமாகப் போடுவதில்லை. வடிவமைப்பவர்தான் நினைவில் வைக்க வேண்டும்.

உங்கள் பள்ளி நூலகத்தை எண்ணிப் பாருங்கள். மாணவர், புத்தகம், இரவல் என மூன்று அட்டவணைகள் போட்டால், எது எதைச் சார்ந்திருக்கும்?