கூம்பின் முன் ஒரு விரற்கடை

மாசி மகத்தன்று கடலூர்த் தேவனாம்பட்டினக் கடற்கரைக்குச் சுற்றுவட்டாரக் கோயில்களின் திருமேனிகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கின்றன. தெற்கே, சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக்குத் திருமுட்டத்துப் பூவராகர் வருகிறார். பகலெல்லாம் நாகசுரமும் தவிலும் ஒலிபெருக்கியின் துணையுமின்றித் தெருவை நிறைக்கும். திருவிழா இரவுகளில் எழும் மெல்லிசை மேடையின் இயல்பு வேறு. அங்கே மின்கிதாரின் கம்பி தானாக எழுப்பும் ஓசை முதல் வரிசைக்கே எட்டாது. கம்பியின் துடிப்பைக் காந்தச் சுருள் மின்னலையாக மாற்றுகிறது. பெருக்கி அதை வலுவாக்குகிறது. பெட்டிக்குள் பொருத்தியுள்ள 12 அங்குலத் தாள்கூம்பு அதைத் திரும்பக் காற்றில் அதிரச் செய்கிறது. அக்கூம்பின் எதிரே ஓர் ஒலிவாங்கி நிற்கிறது. திடலில் அமர்ந்திருக்கும் அத்தனை பேரும் கேட்பது அந்த ஒலிவாங்கிக்குக் கேட்டதை மட்டுமே. ஆயினும் அது எங்கே நிற்க வேண்டும் என்பதை நம் மேடைகளில் பெரும்பாலும் தாங்கியின் கால் எங்கே இடம் பிடித்ததோ அதுவே தீர்மானிக்கிறது. பின்னர் மிக்சரின் முன் அமர்ந்து குமிழ்களைத் திருகித் திருகிக் குறை தீர்க்க முயல்கிறோம்.

பெருக்கியிலிருந்தே கம்பி இழுத்து நேராக மிக்சருக்குக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். கொடுக்கலாம், ஆனால் காது பொறுக்காது. கிதார்க் கலைஞர் வேண்டுமென்றே பெருக்கியை அதன் எல்லைக்கு அப்பால் விரட்டித் திரிபை வரவழைக்கிறார். அத்திரிபு எண்ணற்ற மேலதிர்வுகளைப் பிறப்பிக்கிறது. கிதாருக்கென்றே செய்யப்படும் கூம்பு, பாட்டுக் கேட்பதற்கான கூம்பைப் போன்றதன்று. செலஷன் நிறுவனத்தின் புகழ்பெற்ற ‘கிரீன்பேக்’ கூம்புக்குக் குறிக்கப்படும் எல்லை 75 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. அதற்கு மேலுள்ள சீற்றத்தைத் தாள் விழுங்கிவிடுகிறது. தாளைத் தவிர்த்து மின்னலையை அப்படியே அனுப்பினால் வண்டு இரைவது போன்ற அரம்பவோசைதான் மிஞ்சும். ஆகவே பெட்டியைக் கிதாரின் மறுபாதி என்றே கொள்ள வேண்டும்.

அசையும் சுருள்கொண்ட கூம்பு ஒலிபெருக்கியின் இன்றைய வடிவத்தை 1925-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைசும் எட்வர்டு கெல்லாக்கும் வகுத்தளித்தனர். நாற்பது ஆண்டு கழித்து, 1965 ஆகஸ்டு 15 அன்று, நியூயார்க்கின் ஷியா விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் சுமார் 55,000 பேர் முன் வாசித்தபோது, அவர்களுடைய கிதார்கள் 100 வாட் வாக்ஸ் பெட்டிகளையே நம்பி நின்றன. கூட்டத்தின் கூச்சல் அவற்றை மூழ்கடித்தது. அதே ஆண்டில் ஷூர் நிறுவனம் எஸ்.எம்.57 என்னும் ஒலிவாங்கியை வெளியிட்டது. இன்று கடலூர் மைக் செட்டுக்காரரின் பெட்டியைத் திறந்தாலும் அதுவோ அதன் மலிவான நகலோ கிடக்கும். அமைப்பில் அது ஒலிபெருக்கியின் மறுதலை: அங்கே மின்னலை சுருளை அசைத்துக் காற்றைத் தள்ளுகிறது; இங்கே காற்று ஒரு மென்படலத்தைத் தள்ள, சுருள் காந்தப் புலத்தில் அசைந்து மின்னலையை எழுப்புகிறது. கூம்புக்கு மிக அருகில் ஒலியழுத்தம் 120 டெசிபெலையும் தாண்டும். அதைச் சிறிதும் கலங்காது தாங்குவது இவ்வகை ஒலிவாங்கியின் சிறப்பு.

இனிக் கூம்பைக் கிட்டத்தில் பார்ப்போம். கைவிளக்கைப் பெட்டியின் முன்துணிமேல் சாய்த்துப் பிடித்தால், நெசவுக்குப் பின்னே கூம்பின் வட்டமும் அதன் நடுவே புடைத்த தூசிமூடியும் தெரியும். துணியின்மேல் அந்த நடுவிடத்தில் ஒட்டுநாடாத் துண்டொன்றை ஒட்டிக்கொள்வது நலம். நான்கு கூம்புள்ள பெட்டியில் நடுவண் புள்ளியைக் கண்ணளவில் குறித்து ஒலிவாங்கியை நிறுத்துவோர் உண்டு. அங்கே இருப்பது வெறும் பலகை. வேறு சிலர் ஒலிவாங்கியை வடத்தோடு பெட்டியின் உச்சியிலிருந்து தொங்கவிடுவர். தட்டையான முகமுடைய சென்ஹைசர் இ906 போன்றவற்றுக்கு அது பொருந்தும். அவை பக்கவாட்டில் கேட்பவை. எஸ்.எம்.57 முனையால் கேட்பது. அதைத் தொங்கவிட்டால் அது தரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

தாழ்ந்த அதிர்வெண்களில் கூம்பு முழுதும் ஒரே தட்டாக முன்னும் பின்னும் அசைகிறது. ஏறத்தாழ ஆயிரம் ஹெர்ட்சைக் கடந்ததும் அந்த ஒற்றுமை குலையத் தொடங்குகிறது. நடுவிலுள்ள சுருள் கொடுக்கும் தள்ளல், தாளின் வழியே விளிம்பு நோக்கிப் பரவச் சற்று நேரம் பிடிக்கிறது. விளிம்பில் மோதித் திரும்பியும் வருகிறது. அதனால் ஒரே கணத்தில் நடுப்பகுதி முன்னே வர, வெளிவளையம் பின்னே செல்லவும் கூடும். தொலைவில் நிற்பவர் காதில் இவையெல்லாம் கூடிக் கழிந்து ஒன்றாகச் சேர்கின்றன. இரண்டு விரற்கடை தொலைவில் நிற்கும் ஒலிவாங்கியோ தனக்கு நேரே உள்ள சிறு வட்டத்தையே பெரிதும் கேட்கிறது. தூசிமூடிக்கு நேரே நிறுத்தினால் கம்பியைச் சுரண்டும் கூர்மை முந்தி வரும். மூடியும் தாளும் கூடும் வளையத்துக்கு நகர்த்தினால் கூர்மை அடங்கிக் கனம் ஏறும். விளிம்பை நெருங்க நெருங்க ஒலி மங்கும். இம்மூன்று நிலைகளும் ஒரு சாண் தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒலிவாங்கியை நகர்த்தாமல் சற்றுச் சாய்த்து வைத்தாலும் உயரதிர்வுகள் குறையும், ஏனெனில் பக்கவாட்டில் வரும் உயரதிர்வுகளை அது நேர்வரவைப் போல் ஏற்பதில்லை.

இந்த வேறுபாட்டை மிக்சரின் குமிழால் ஈடுசெய்ய இயலாது. குமிழ் ஓர் அகன்ற பட்டையையே உயர்த்தும், தாழ்த்தும். கூம்பின் முன்னே கழிந்துபோன அதிர்வு ஒலிவாங்கிக்குள் வரவே இல்லை. வராததைக் குமிழ் எவ்வாறு உயர்த்தும்? எனவே ஒருவர் செவிப்பொறி அணிந்து மிக்சரில் கேட்க, மற்றொருவர் கலைஞரை வாசிக்கச் சொல்லி ஒலிவாங்கியை விரற்கடை விரற்கடையாக நகர்த்துவதே முறை. ஐந்து நிமிட வேலை. ‘ஹலோ, மைக் டெஸ்ட்’ என்பதற்கு நாம் செலவிடும் நேரத்தைவிடக் குறைவு. கூம்பருகே காதை வைத்துப் பார்ப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். ஒலிவாங்கி தாங்கும் அழுத்தத்தைச் செவிப்பறை தாங்காது.

தொலைவும் கணக்கில் கொள்ளத்தக்கது. கூம்பின் மையம் தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் உள்ளது என்றும், ஒலிவாங்கி அதே உயரத்தில் 30 செ.மீ. தள்ளி நிற்கிறது என்றும் கொள்வோம். நேர்வழி 30 செ.மீ.; மேடைப் பலகையில் பட்டுத் திரும்பும் வழி சுமார் 58 செ.மீ. வேறுபாடு 28 செ.மீ. நம் கோடைக்காற்றில், 30 பாகை வெப்பத்தில், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்கிறது. அக்கணக்கில் 28 செ.மீ. என்பது சுமார் 620 ஹெர்ட்ஸ் அலையின் பாதி நீளம். அந்த அதிர்வெண்ணில் நேரே வரும் அலையும் தரையில் பட்டு வரும் அலையும் எதிரெதிராக மோதிக்கொள்ள, கிதாரின் நடுச்சுரங்களில் ஒரு பள்ளம் விழுகிறது. ஒலிவாங்கியை 3 செ.மீ.க்கு நெருக்கினால், தரையொலி நேரொலிக்கு முன் வலுவிழந்து பொருட்படுத்தத் தகாததாகிவிடும். நெருக்கிவைக்க வசதியில்லையேல் பெட்டியை ஒரு முக்காலிமேல் ஏற்றலாம்.

நெருக்கத்துக்கு ஒரு விலை உண்டு. ஒருபக்கம் மட்டும் கேட்கும் ஒலிவாங்கிகள் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இடையிலுள்ள அழுத்த வேறுபாட்டால் இயங்குபவை. ஒலிமூலம் மிக அருகில் இருந்தால் தாழ்ந்த அதிர்வுகளில் அவ்வேறுபாடு இயல்பினும் பெருகும். 6 மி.மீ. அளவுக்கு நெருங்கும்போது 100 ஹெர்ட்ஸ் அருகே 6 முதல் 10 டெசிபெல் வரை கூடுதல் கனம் ஏறுவது எஸ்.எம்.57-இன் இயல்பு. தனியே வாசிக்கும்போது இனிக்கும் இக்கனம், பேஸ் கிதாரும் தவிலும் சேர்ந்ததும் சேறாகிவிடும். இரண்டு ஒலிவாங்கிகளை வைத்து இரண்டையும் கலப்போருக்கு இன்னொரு சிக்கல்: இரண்டுக்கும் கூம்பிலிருந்து 7 செ.மீ. தொலைவு வேறுபட்டால் 2500 ஹெர்ட்ஸ் அருகே, கிதாரின் கடிப்பு இருக்கும் இடத்திலேயே, ஒன்றை மற்றது அழிக்கும். திருவிழா மேடைக்கு ஒன்றே போதும் என்பது என் துணிபு.

கடலூர்க் கரைக்கென்று சில தனித்தொல்லைகள் உண்டு. மாலையில் கடலிலிருந்து கரைக்குக் காற்று வீசும். காற்றின் விரைவு தரையருகே குறைந்தும் மேலே கூடியும் இருப்பதால், காற்றோடு செல்லும் ஒலி கீழ்நோக்கி வளைந்து கூட்டத்தை அடையும். காற்றை எதிர்த்துச் செல்லும் ஒலி வானோக்கி வளைந்து தப்பிவிடும். மேடை கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் பாதிக் கவலை தீர்ந்தது. ஆனால் அதே காற்று ஒலிவாங்கியின் வலைமேல் மோதிக் குமுறலை எழுப்பும். பஞ்சுறை மாட்டி, 80 ஹெர்ட்சுக்குக் கீழுள்ளதை மிக்சரில் வெட்டிவிடலாம். வழக்கமான சுருதியில் கிதாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்சில்தான் தொடங்குவதால் இசைக்கு இழப்பில்லை. உப்புக்காற்றில் இணைப்பு முனைகள் துருப்பிடிப்பதையும், ஈரம் ஏறிய பஞ்சுறையைக் காயவைக்காமல் மூட்டைகட்டுவதையும் பற்றிச் சொல்லப் புகுந்தால் கட்டுரை புலம்பலாகிவிடும்.

சிதம்பரத்தில் 1981 முதல் மகாசிவராத்திரியையொட்டி நடந்துவரும் நாட்டியாஞ்சலியில் கிதார்ப் பெட்டிக்கு வேலையில்லை. பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின், குழல், சிலவேளை வீணை. எனினும் அங்கே அடிக்கடி எழும் ஊளையின் காரணத்தைக் கிதார்ப் பெட்டி நன்கு விளக்கும். ஒலிவாங்கி கேட்டது ஒலிபெருக்கி வழியே வெளிவந்து மீண்டும் அதே ஒலிவாங்கிக்குள் புகுந்து வளர்வதே ஊளை. கிதார்ப் பெட்டியின் முன்னுள்ள ஒலிவாங்கி உரத்த மூலத்துக்கு மிக அருகில் நிற்பதால் அதன் பெருக்கத்தை மிகக் குறைவாகவே வைக்கிறோம்; ஆகவே அது ஊளையிடுவது அரிது. வீணைக்கு முன் ஓரடி தள்ளி நிற்பதற்கோ பெருக்கத்தைப் பன்மடங்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. இதயவடிவ ஏற்புடைய ஒலிவாங்கிக்கு நேர்பின்னேதான் செவிடு. கலைஞருக்கான மேடை ஒலிபெருக்கியை அத்திசையில் வைக்காமல் பக்கத்தில் வைப்பதே பெரும்பிழை. மின்மாண்டலினைக் கருநாடக இசைக்குக் கொணர்ந்த உ. ஸ்ரீநிவாஸ் போன்றோரின் வழி இதிலிருந்து விலகியது. கம்பியின் துடிப்பைக் காந்தச் சுருளே பற்றிக்கொள்வதால் காற்றின் வழியான சுற்று பெரிதும் அறுபட்டுவிடுகிறது. 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசையும் இயற்பியலும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. இசை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பருவமேனும் ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக் கற்க வேண்டும் என்பேன்.

இப்போது பல மெல்லிசைக் குழுக்கள் பெட்டியையே கொண்டுவருவதில்லை. காலடியில் கிடக்கும் எண்முறைக் கருவி, ஒரு பெட்டியும் அதன் முன் நின்ற ஒலிவாங்கியும் சேர்ந்து ஒலியை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை முன்பே அளந்து சேமித்து வைத்திருக்கிறது. கம்பி நேரே மிக்சருக்குப் போகிறது; கடற்காற்றும் தரையொலியும் உள்ளே நுழைவதில்லை. அந்த அளவீட்டுக்காக யாரோ ஒருவர் ஓர் ஆய்வறையில் கூம்பின் முன் ஒலிவாங்கியை நகர்த்தியிருக்கிறார். சிறிய குழுவுக்கு இதுவே சிக்கனம்; நான் எதிர்க்கமாட்டேன். ஒன்று மட்டும் இதில் கிட்டாது. உண்மைப் பெட்டியின் ஒலி காற்றில் வந்து கிதாரின் கம்பியைத் தொட்டு மறுபடி துடிக்கவைப்பதால், இழுத்துப் பிடித்த ஒரு சுரம் அணையாமல் நீளும். அந்த நீட்சி வேண்டும் கலைஞர்கள் எண்முறைக் கருவியை மிக்சரோடு இணைத்துவிட்டு, முதுகுக்குப் பின்னே ஒரு பெட்டியையும் வைத்துக்கொள்கின்றனர். அந்தப் பெட்டிக்கு ஒலிவாங்கி வேண்டியதில்லை.