நெய்தலிலிருந்து குறிஞ்சிக்கு

பருத்தித்துறை முனையில் நின்று தெற்கு நோக்குபவர் கண்ணுக்கு மலை என்று ஒன்றும் அகப்படாது. வெளிச்ச வீடும், கோயிற் கோபுரங்களும், பனைகளின் தலைகளுமே இங்கு உயரமானவை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை. மலையிற் பிறந்து வரும் ஆறும் இல்லை. வீட்டுக்கு ஒரு கிணறு. அந்தக் கிணற்றை நிரப்ப ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை. நம் நீரின் கதை அவ்வளவே. இல்லாத பொருளின் மேலேயே மனம் செல்வது இயல்பு. ஆகவே, விடுமுறை வந்ததும் மலைநாட்டுக்குச் சென்று, காட்டின் நடுவே சில இரவுகள் தங்கி வரவேண்டும் என்று நம்மவர் ஆசைப்படுவதில் வியப்பில்லை.

ஆசைப்படுதல் எளிது, ஆயத்தம் செய்தலே அரிது. கடற்கரையில் வளர்ந்தவர் காட்டை ஒரு பெரிய பூந்தோட்டம் என்றும், மலைக் குளிரை நம்மூர் மார்கழிப் பனி என்றும் எண்ணிக்கொண்டு புறப்படுவதுண்டு. அத்தகையோர் இருமலையும் மனக்குறையையும் சுமந்துகொண்டு திரும்புகின்றனர். அவர்கள் பொருட்டே இதனை எழுதலானோம்.

காட்டில் தங்குவது நமக்கு முற்றிலும் புதியதொன்றா? அன்று. பருத்தித்துறைக்கு அண்மையிலுள்ள தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் யாத்திரை நாடறிந்தது. போராண்டுகளில் இடையறவுபட்டு மீண்டும் உயிர்பெற்ற மரபு அது. ஒரு மாதத்துக்கு மேலாகக் கிழக்குக் கரையோரமாக நடக்கும் அடியார், உகந்தை கடந்ததும் குமண, யால வனங்களினூடே சென்று மாணிக்க கங்கையை அடைவர். வெட்டவெளியிற் சமைத்து, மரத்தடியில் உறங்கி, கிடைத்த நீரைக் காய்ச்சிக் குடித்துச் செல்லும் பயணம் அது. அவ்வழி சென்று மீண்ட ஆச்சி ஒருவர், மலைக்குப் புறப்பட்ட பேரப்பிள்ளைகளிடம் சொன்ன புத்திமதி இன்றும் எம் நினைவில் நிற்கிறது: “காட்டுக்குள்ள போறவை சுமையைக் குறைக்கவேணும் மோனை, பயத்தைக் குறைக்கக் கூடாது.” வனவாசத்துக்கு வேண்டிய இலக்கணம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

இனி, எந்த மலைக்குச் செல்வது? நக்கிள்ஸ் மலைத்தொடர் உண்டு. சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த அடவி உண்டு. ஆயினும், குடும்பத்தோடு முதன்முறை செல்வோருக்கு ஏற்றது ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்காவே. 1831 முதல் 1837 வரை ஆள்பதியாக இருந்த வில்மட் ஹோட்டனின் பெயரைத் தாங்கிய இவ்விடத்தைச் சிங்கள மக்கள் மகாஎலிய என்பர். கடல் மட்டத்துக்கு மேல் 2,100 மீற்றர் உயரத்தில் விரிந்து கிடக்கும் புல்வெளியும், அதனைச் சூழ்ந்த முகிற்காடும் இதன் அழகு. நாட்டின் இரண்டாவது உயர்ந்த சிகரமாகிய கிரிகல்பொத்த இதன் எல்லைக்குள்ளேயே நிமிர்ந்து நிற்கிறது. 1969 இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988 இல் தேசிய பூங்காவாகவும் ஆக்கப்பட்ட இதனை, நக்கிள்ஸ் முதலிய பிற மலைக்காடுகளோடு சேர்த்து 2010 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

முதலில் ஆராய வேண்டியது காலம். இரு பருவக் காற்றுகளும் இந்த உயரத்துக்கு மழை கொணர்கின்றன. தை பிறந்து பங்குனி வரையுள்ள நாட்களில் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். ஆனால் அந்நாட்களின் இரவோ கொடியது. ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 13 பாகை செல்சியஸ் அளவுதான். தை, மாசி இரவுகளில் அது உறைநிலையைத் தொடுவதும், விடியலிற் புல்வெளி உறைபனியால் வெளுத்திருப்பதும் உண்டு. பருத்தித்துறையில் 28 பாகைக்குப் பழகிய உடம்பு இதனை ஒரே இரவில் எப்படித் தாங்கும்? ஒரு தடித்த உடையை விட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் மூன்று மெல்லுடைகளே நன்று. காலுறை இரண்டு சோடி, தலைக்கும் காதுக்கும் கம்பளித் தொப்பி, மழைச்சட்டை, ஆளுக்கொரு கைவிளக்கு ஆகிய இவற்றை மறந்தவர் எதனைக் கொண்டு சென்றும் பயனில்லை.

இரண்டாவது அனுமதி. பூங்கா வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆட்சியிலுள்ளது. உள்ளே அத்திணைக்களத்தின் பங்களாக்களும், கூடாரமிடுவதற்கென ஒதுக்கப்பட்ட சில இடங்களும் இருக்கின்றன. அவை மிகச் சில. ஆகவே விடுமுறைக் காலத்துக்கு நெடுநாள் முன்னதாகவே பதிவு செய்தல் வேண்டும். குறித்த இடத்தில் அன்றி வேறெங்கும் கூடாரம் அடிக்கலாகாது. நினைத்த இடத்தில் தீ மூட்டலாகாது. முதியோரும் குழந்தைகளும் உடன் வருவராயின் பங்களாவே உத்தமம். கூடாரம் இளைஞர்க்குரியது.

மூன்றாவது வழி. வடமராட்சியார் பேருந்தேறிக் கொடிகாமம் சென்று, கொழும்பு புகைவண்டியிற் பொல்காவலை வரை போய், அங்கே பதுளை வண்டிக்கு மாறுதல் பழைய முறை. கடல் மட்டத்துக்கு 1,891 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொல நிலையத்தில் அல்லது அடுத்துள்ள ஒஹியவில் இறங்கினால், அங்கிருந்து வாடகை வண்டியிற் பூங்காவுக்கு ஏறலாம். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயல் மலைநாட்டு இருப்புப்பாதையையும் தெருக்களையும் பல இடங்களிற் சிதைத்தது. எனவே வண்டி எதுவரை ஓடுகிறது, எந்தத் தெரு திறந்திருக்கிறது என்பவற்றைக் கேட்டறிந்த பின்னரே நாட் குறித்தல் வேண்டும். மலையில் மழை வலுத்தால் பயணத்தைத் தள்ளிவைப்பது கோழைத்தனம் அன்று; அறிவுடைமை.

நான்காவது உணவு. இங்கே ஒரு நுட்பம் உண்டு. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் அங்கே நீர் ஏறக்குறைய 93 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கும் நீரின் சூடு குறைவாதலால் பருப்பும் கடலையும் வேக நெடுநேரம் பிடிக்கும். விறகும் எரிவாயுவும் வீணாகும். ஆகவே, வறுத்த அரிசிமா, இடித்த மிளகாய்த்தூள், பனங்கட்டி, புழுக்கொடியல், பயற்றம் பணியாரம் என விரைவில் ஆவனவும் சமைக்க வேண்டாதனவுமே அங்குச் சிறந்தவை. நாட்கணக்கிற் கெடாத பருத்தித்துறை வடை இருக்க, வேறு வழித்துணை எதற்கு?

அவற்றை எதிலே கொண்டு செல்வது என்பதுதான் முக்கியம். பூங்கா வாயிலிற் காவலர் பைகளைத் திறந்து பார்த்துப் பொலித்தீன் உறைகளை அகற்றுவர். இதனைத் தொல்லை என்று முணுமுணுப்போர் உளர். அங்குத் திரியும் மரைகள் மனிதர் எறியும் உணவுக்குப் பழகி, உறையையும் சேர்த்து விழுங்கி அல்லலுறுகின்றன என்பதை அறிந்தவர் முணுமுணுக்கமாட்டார். நம் வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கும் பனையோலைப் பெட்டியையும் குட்டானையும் எடுத்துத் துடைத்து அவற்றில் அடைத்துச் செல்லுங்கள். காவலரும் தடுக்கார், காடும் வருந்தாது.

அங்குச் சென்றபின் செய்யவேண்டியது அதிகமில்லை. இரவில் தங்குவோர்க்குரிய பெரும்பேறு விடியல். சுமார் 870 மீற்றர் செங்குத்தாக வீழும் ‘உலக முடிவு’ என்னும் பாறை விளிம்பைக் காலை ஒன்பது மணிக்கு முன் அடைந்தால், கீழே விரியும் நாடு தெரியும். பிந்தினால் மூடுபனியே தெரியும். விளிம்பிற் குழந்தைகளின் கையை விடலாகாது. பேக்கர் நீர்வீழ்ச்சியையும் பார்த்துச் சுற்றி வரும் நடை ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர். பாதையை விட்டு விலகாமலும் உரத்துப் பேசாமலும் நடப்போர்க்குக் காடு தன்னைக் காட்டும். பல பத்தாண்டுகளாக அரிதிலும் அரிதாகவே தென்பட்ட மலைத் தேவாங்கின் நிழற்படம் இங்கு எடுக்கப்பட்டு 2010 இல் வெளியானபோது உலகமே வியந்தது. ஓசையற்ற இடத்திலன்றோ அத்தகைய உயிர்கள் எஞ்சியிருக்கும்!

இத்துணை விதிகளும் எதற்கு என்று கேட்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காக மலைகள் மொட்டையடிக்கப்பட்டன. 1873 இல், தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கரின் அறிவுரைப்படி 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டுதல் தடுக்கப்பட்டது. அத்தடையினால் எஞ்சிய காடு இது. மூடுபனியை இலைகளிலும் பாசியிலும் பிடித்து, சொட்டுச் சொட்டாக நிலத்துக்குள் இறக்கி, மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் ஊற்றாக நிற்பது இதுவே. அந்நதிகளின் நீர் சுழற்றும் சக்கரங்களிற் பிறக்கும் மின்சாரம், நாடெங்கும் பரந்த கம்பிகளின் வழியே பருத்தித்துறை வீட்டு விளக்கையும் வந்தடைகிறது. ஆறில்லாத ஊரார்க்கும் அந்த ஆறுகளிற் பங்குண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அந்தக் காடு இன்று நலமாக இல்லை. நின்ற நிலையிலேயே உச்சி காய்ந்து மடியும் மரங்களைத் திட்டுத் திட்டாக அங்குக் காணலாம். காரணம் இன்னதென்று ஆய்வாளர் ஒருமித்துச் சொல்லவில்லை. நோயுற்றவர் வீட்டுக்கு விருந்து போவோர் எவ்வாறு நடந்துகொள்வரோ, அவ்வாறே அங்கு நடந்துகொள்ளல் நம் கடன்.

திரும்பி வந்த மறுநாட் காலை, முற்றத்துக் கிணற்றில் வாளியை இறக்கும்போது ஒரு கணம் நின்று பாருங்கள். சுண்ணாம்புப் பாறைக்குள் மழை சேர்த்துவைத்த நன்னீர் அது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவராகும். அங்கே முகில் காட்டிலே தங்குகிறது; இங்கே மழை கல்லிலே தங்குகிறது. இரண்டும் கண்ணுக்குத் தெரியாமற் சேர்வன, கவனமின்மையால் அழிவன. இதனை ஒரு பிள்ளை உணர்ந்து, வாளியைப் பாதியில் நிறுத்துமாயின், அந்த மூன்று இரவுகளின் குளிரும் செலவும் வீணாகவில்லை.