மௌனம் சம்மதம் ஆகுமா?

"மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி" என்னும் தொடர் நம்மிடையே திண்ணைப் பேச்சிலும் கலியாணப் பேச்சிலும் ஒருங்கே வழங்குகின்றது. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் தலைகுனிந்து நின்றால் அது சம்மதம். சங்கக் கூட்டத்தில் தலைவர் "ஆட்சேபம் உண்டா?" என்று வினவ எவரும் வாய்திறவாவிடின் அது ஏகமனதான தீர்மானம். இத்தொடரை ஒரு காப்புறுதிக் கம்பெனி தனது கணக்குப் புத்தகத்துக்குள் கொண்டு சென்றால் யாது நிகழும் என்பதே ஈண்டு யான் எழுதப் புகுந்த பொருள். காப்புறுதி என்றதும் இலக்கிய அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. சொல்லும் பொருளும் தம்முள் பிணங்கிய வழக்கு இது. அத்தகைய வழக்கிலே தமிழாசிரியனுக்கும் ஓரிடம் உண்டு.

முதலிற் சொல்லை நோக்குவோம். தமிழ்நாட்டார் 'காப்பீடு' என்பர். நாம் 'காப்புறுதி' என்போம். ஈடு என்பது இழந்ததற்கு நிகராகக் கொடுப்பது. உறுதி என்பதோ ஈழத்து வழக்கில் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படும் பத்திரம். காணி உறுதி, நன்கொடை உறுதி, சீதன உறுதி என நம் வீட்டுப் பெட்டகங்களில் உறங்குவன யாவும் உறுதிகளே. ஆகவே காப்புறுதி என்பது காப்புத் தருவதாக எழுதிக் கொடுத்த உறுதி. இரண்டினுள் நம்முடைய சொல்லே செவ்விய சொல் என்பது என் கருத்து. பக்கச்சார்பு என்று சென்னை நண்பர்கள் சொன்னாற் சொல்லட்டும். இனி, 'காப்பு' என்றதும் மட்டக்களப்பார் நெஞ்சில் எழுவது அம்மன் கோயிற் சடங்கு. காப்புக் கட்டுவதும் ஊரறிய நிகழும்; அவிழ்ப்பதும் ஊரறிய நிகழும். கட்டிய கைக்கு விரதம் உண்டு. அவிழ்த்த கைக்கு இல்லை. கம்பெனி கட்டும் காப்பு எந்நாளில் அவிழ்ந்தது என்பதிலேதான் எங்கள் வழக்குப் பிறந்தது. 'காலாவதி' என்பதையும் சிறிது பாருங்கள். காலமும் அவதியும் சேர்ந்த சொல் அது. அவதி வடமொழியில் எல்லை. நம் பேச்சிலோ துன்பம். எல்லை முடிந்த பின் துன்பம் தொடங்கிய கதைக்கு இதனினும் பொருத்தமான சொல் கிடையாது.

எங்கள் வீடு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடிப் பக்கத்து மணற்பாங்கான நிலத்திலே உள்ளது. இப்பகுதியில் வீடென்பது பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாக வருவது. எங்கள் வீடும் என் மனைவி பெயரிலேயே இருக்கின்றது. கூரையை மாற்றி இரண்டறை கூட்டுவதற்காக ஒரு வங்கியில் இருவருமாகக் கடன் பெற்றோம். கடன் தீரும்வரை வீட்டைக் காப்புறுதி செய்தல் வேண்டும் என்பது வங்கியின் நிபந்தனை. வங்கி காட்டிய கம்பெனியிலேயே காப்புறுதி செய்தோம். ஒன்பது ஆண்டுகள் கட்டுப்பணம் ஒரு நாளும் பிந்தவில்லை. கடன் தீர்ந்தது, காணி உறுதி கைக்கு வந்தது. சில வாரங்களில் அவ்வாண்டுக்குரிய காப்புறுதிக் காலமும் முடிவுற்றது. கம்பெனி புதுப்பித்தல் அறிவித்தல் ஒன்றை அனுப்பியிருந்தது. அதிற் கண்ட கட்டுப்பணம் முன்னையதிலும் ஒன்றரை மடங்கு. வேறொரு கம்பெனி வெள்ளத்தையும் புயலையும் சேர்த்து அதனிற் குறைந்த தொகைக்குக் காப்புத் தந்தமையால் அங்கே மாறிக்கொண்டோம். பழைய கம்பெனியின் அறிவித்தலுக்கு விடை எழுதவில்லை. கடைக்காரர் விலைப்பட்டியல் அனுப்பினால், "வேண்டா" என்று ஒவ்வொருவருக்கும் எழுதிக்கொண்டிருப்பார் உளரோ?

மூன்று மாதம் சென்ற பின்னர் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அதன் சாரம் இது: உங்கள் காப்புறுதி கட்டுப்பணம் செலுத்தப்படாமையாற் காலாவதியாயிற்று, எனினும் முதல் 60 நாட்களுக்கு உங்கள் வீட்டின் ஆபத்தை நாம் சுமந்தோம், ஆகவே அக்காலத்துக்குரிய 4,860 ரூபாவை 14 நாட்களுக்குள் செலுத்துக. யான் விளக்கங் கேட்டு எழுதிய கடிதத்துக்கு விடை வரவில்லை. மாறாக, 'சட்ட நடவடிக்கை' என்னும் சொற்கள் தடித்த எழுத்தில் அச்சிட்ட இரண்டாங் கடிதம் வந்தது.

என் மனைவி, "கட்டிப்போட்டு நிம்மதியா இருப்பம்" என்றார். அச்சொல்லின் பின்னே இவ்வூரின் அரை நூற்றாண்டு நிற்கின்றது. 1978 நவம்பர் 23ஆந் தேதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியின்போது யான் பத்து வயதும் நிரம்பாத சிறுவன். கூரை போன வீட்டில் மேசைக்குக் கீழே ஈரச் சீலையைப் போர்த்திக்கொண்டு விடியுமளவும் கிடந்தோம். விடிந்தபோது தென்னைகள் யாவும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அந்தச் சூறாவளியில் மாண்டவர் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர். பின்னர் 2004 டிசம்பர் 26ஆந் தேதி காலை வந்த கடல், நாவலடி, திருச்செந்தூர், டச்பார் என்னும் எம் அயலூர்களை அரித்துச் சென்றது. நாடு முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அன்று இடிந்த வீடுகளுள் மிகப் பலவற்றுக்குக் காப்புறுதி என்பதே கிடையாது. இத்தகைய கரையில் வாழும் ஒருவரிடம் வந்து, "அறுபது நாள் உன் வீட்டை நான் காத்தேன்" என்று எவரேனுஞ் சொன்னால், "இல்லை" என்று மறுக்க நா எழாது. காத்தவனுக்குக் கூலி மறுத்தல் பாவம் என்னும் அச்சமே முன்னிற்கும். இவ்வச்சமே அந்தக் கடிதத்தின் பலம். சட்டம் அதற்குப் பின்னாலேதான் வருகின்றது.

கிளை அலுவலகத்துக்கு நேரிற் சென்றேன். அங்கிருந்த இளைஞர் நாற்காலி தந்து உபசரித்தார். "சேர், அறுபது நாளும் நீங்கள் எங்கட காப்பிலதானே இருந்தீங்க?" என்றார்.

"தம்பி, நாற்பதாம் நாள் புயலடித்து என் கூரை போயிருந்தால் பணந் தந்திருப்பீர்களோ?" என்று கேட்டேன்.

"கட்டுப்பணம் கட்டாம எப்பிடி சேர் தாறது?" என்றார். சொன்ன பின் அவரே சற்று நேரம் பேசாதிருந்தார். நல்ல பிள்ளை. தாம் சொன்னதன் பொருள் தமக்கே விளங்கிவிட்டமை முகத்திலே தெரிந்தது.

அவர் வாய்மொழி ஒருபுறம் இருக்க, கம்பெனி தந்த பத்திரத்தையே விரித்து வைத்துப் படித்தேன். பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. புதுப்பித்த காப்புறுதிக்குரிய கட்டுப்பணம் தொடக்க நாளிலிருந்து 60 நாட்களுக்குள் முழுமையாகச் செலுத்தப்படல் வேண்டும். செலுத்தப்படாவிடின் அக்காப்புறுதி தொடக்க நாளிலிருந்தே இல்லாததாகக் கொள்ளப்படும். இதுவே அதன் பொருள். மாணாக்கர்க்கு வினையியல் கற்பிப்போர் இவ்விடத்திற் சற்று நிற்க வேண்டும். 'சுமந்தோம்' என்பது தெரிநிலை வினைமுற்று. இறந்த காலத்தில் நிகழ்ந்து முடிந்த செயலைக் கூறுவது. 'இல்லாதது' என்பதோ அப்பொருளின் உண்மையையே மறுப்பது. தொடக்க முதலே இல்லாத ஒன்றினாற் சுமக்கப்பட்டது யாது? கம்பெனியின் கடிதம் உண்மையாயின் பத்திரம் பொய். பத்திரம் உண்மையாயின் கடிதத்துக்கு நிற்க நிலம் இல்லை. இழப்பு நேர்ந்தால் பத்திரத்தைக் காட்டுவதும், நேராவிடின் கடிதத்தைக் காட்டுவதும் நேரிய வாணிகம் ஆகாது.

இனி, சட்டம் என்ன சொல்கின்றது? இலங்கையின் பொதுச்சட்டம் உரோமன்–டச்சு வழி வந்தது. எனினும், 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளை, ஆயுட் காப்புறுதிக்கும் தீக் காப்புறுதிக்கும் ஆங்கிலச் சட்டமே பொருந்தும் என விதித்தது. இலண்டன் மாநகர் 1666ஆம் ஆண்டிலே தீக்கிரையான பின்னர் அங்கு முளைத்தது தீக் காப்புறுதி. காப்புறுதி செய்த வீட்டின் முகப்பிற் கம்பெனியின் உலோக முத்திரை ஒன்றை அறைந்து வைப்பது அக்கால வழக்கம். நம் வாயில்களில் வேப்பிலை செருகுவதை அது எனக்கு நினைவூட்டுவது. அந்த நாட்டு நியாயம் வாவிக்கரை வீட்டுக்கும் செல்லுபடியாவது இவ்வாறே.

அந்நியாயத்தில் நம் பழமொழிக்கு நேர் மாறான தீர்ப்பொன்று உண்டு. 1862ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்ட அவ்வழக்கை 'பெல்ட்ஹவுஸ் எதிர் பின்ட்லி' என்பர். மருமகனுடைய குதிரையை மாமன் வாங்க விரும்பினார். 30 பவுண் என்று மாமன் எண்ண, 30 கினி என்று மருமகன் எண்ண, விலையிற் சிறு குழப்பம் எழுந்தது. மாமன் வேற்றுமையை நடுவிற் பிரித்து, 30 பவுண் 15 சிலிங் எனக் குறித்து, இது பற்றி மேலும் யாதும் கேளாவிடின் குதிரை தம்முடையதென்றே கொள்வதாக எழுதினார். மருமகன் விடை எழுதவில்லை. ஆயின் குதிரையை விலக்கி வைக்குமாறு ஏலக்காரரிடம் சொல்லியிருந்தார். ஏலக்காரர் மறந்து அதனையும் விற்றுவிட்டார். மாமன் வழக்குத் தொடுத்தார், தோற்றார். ஒருவர் பேசாதிருந்தமையைக் கொண்டு அவர் மேல் ஒப்பந்தத்தைச் சுமத்த மற்றவர்க்கு உரிமை இல்லை என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது. கவனியுங்கள்: அம்மருமகனுக்கு உள்ளத்திலே சம்மதம் இருந்தது! அங்ஙனமிருந்தும் மௌனம் போதாதாயிற்று. எமக்கோ உள்ளத்திலும் சம்மதம் இல்லை. வேறு கம்பெனியின் பற்றுச்சீட்டே அதற்குச் சான்று. புதுப்பித்தல் அறிவித்தல் ஓர் அழைப்பு. ஏற்றால் ஒப்பந்தம், ஏலாவிடின் அது வெறுங் காகிதம்.

கம்பெனிகளின் பக்கத்தையுஞ் சொல்லுதல் முறை. ஆண்டுக்கெனத் தொடங்கிய காப்புறுதியை நடுவிலே நிறுத்துவோர், கழிந்த காலத்துக்குரிய பங்கைக் கொடுத்தல் நியாயமே. மலேசியாவில் வழங்கும் அறுபது நாள் நிபந்தனையில், கட்டுப்பணம் வராது காப்பு நின்றாலும் காத்த காலத்துக்கு விகிதப்படி பணம் பெறும் உரிமை எழுதப்பட்டிருப்பதுண்டு. அங்கே அந்நாட்களிற் காப்பு இருந்ததாகக் கொள்ளப்படுகின்றது. ஆதலாற் கூலியும் உண்டு. இந்தியாவிலோ 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி. பிரிவு, கட்டுப்பணம் முன்கூட்டியே கைக்கு வருமுன் காப்பே தொடங்கலாகாது என்று கதவை அடைத்துவிட்டது. இரண்டும் தெளிவான வழிகள். எங்கள் கம்பெனி பத்திரத்தில் ஒரு வழியையும் கடிதத்தில் மற்றொரு வழியையும் பின்பற்றியது. குற்றம் அங்கேதான்.

இவற்றையெல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடக்கித் தமிழிற் கடிதம் எழுதினேன். எம் பாடசாலை ஆங்கில ஆசிரியர் அதனை மொழிபெயர்த்து உதவினார். கேட்டவை மூன்றே. புதுப்பித்தலுக்கு என் மனைவி எந்த நாளில், எந்த எழுத்தில் உடன்பட்டார்? பத்திரத்தின் எந்த நிபந்தனைப்படி இத்தொகை கேட்கப்படுகின்றது? அந்த 60 நாளுள் இழப்பு நேர்ந்திருந்தால் அதனை ஏற்றிருப்பதாக எழுதித் தருவீர்களா? பதிவுத்தபாலில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். தக்க விடை வராவிடின் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடுவேம் என்றும் ஈற்றிற் குறித்தேன்.

இந்த ஒம்புட்ஸ்மன் பதவியைப் பற்றி நம் ஆசிரியர்களுட் பலரும் அறியார். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசு காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தை நிறுவிப் பின் இத்தொழில் முழுவதையும் தன் கையில் வைத்திருந்தது. 1980களின் பிற்பகுதியில் தனியார்க்கு மீண்டும் வழி திறந்தது. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் இவர்களை மேற்பார்வை செய்ய ஒரு சபையை வைத்தது. இன்று காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு என்று வழங்குவது அதுவே. கம்பெனியோடு பிணங்கிய குடிகள் நீதிமன்றம் ஏறாமல் கட்டணமின்றி முறையிடுவதற்கு 2005இல் ஒம்புட்ஸ்மன் ஏற்பாடு வந்தது. முதலிற் கம்பெனிக்கே எழுதிப் பார்த்தல் வேண்டும். அதன் பின்னரே அவரிடம் போகலாம். ஆகையால் ஒவ்வொரு கடிதத்துக்கும் படி வைத்திருத்தல் அவசியம்.

ஐந்து வாரங் கழித்து இரண்டு வரியில் விடை வந்தது. தங்கள் கணக்கில் நிலுவை யாதுமில்லை. இதனைக் கருத்திற் கொள்க. அவ்வளவே. மூன்று வினாக்களுள் ஒன்றுக்கேனும் விடை இல்லை.

அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ஒரு கைம்பெண், என்னிலும் மூத்தவர், யான் அக்கா என்று அழைப்பவர், அக்கடிதத்தோடு வந்தார். அவருக்கும் அதே கம்பெனியிலிருந்து இத்தகைய கடிதமே வந்திருந்தது. கேட்ட தொகை 5,200 ரூபா. "கோட்டுக்குப் போகவேண்டி வருமோ மாஸ்டர் எண்டு பயந்து, தோட்டுச் சோடிய அடகு வெச்சுக் கட்டிப்போட்டன்" என்றார். தங்களுக்கு நிலுவை இல்லை என்று எனக்கு எழுதிய அதே கம்பெனி, அவர் பணத்தைத் திருப்பிக் கேட்டு யான் எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு, அவர் தம் விருப்பத்தாற் செலுத்தியது என்று விடை பகர்ந்தது. பேசாதிருந்தாற் சம்மதம், அஞ்சிக் கொடுத்தால் விருப்பம்! அகராதியை இவர்கள் எந்த அச்சகத்தில் வாங்கினார்களோ அறியேன்.

அவருடைய முறைப்பாடு கொழும்புக்குப் போயிருக்கின்றது. தீர்ப்பு இன்னும் வரவில்லை. பதிவுத்தபாற் சீட்டை அவர் தம் காணி உறுதிக்குள் மடித்து வைத்திருக்கின்றார்.