உங்களுக்குத் தெரியுமா? ஏணியும் ஒட்டடைக் கம்பும்

பொங்கல் நெருங்கினால் நம் வீடுகளில் எல்லோரும் மேலே பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். ஒட்டடை, பரண், மின்விசிறி இறக்கை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, கொல்லையில் காய்த்துத் தொங்கும் முருங்கை. தெருவில் யாரோ ஒருவர் வீட்டு ஏணி கைமாறிக் கைமாறி ஊர்வலம் வருகிற காலம் இது. அது உங்கள் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் படித்துவிடுங்கள்.

✦ ஆறடி உயரத்திலிருந்து விழுகிறவர் தரையைத் தொட 0.6 நொடி போதும். அப்போது அவருடைய வேகம் மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். பத்தடி என்றால் 0.8 நொடி, 28 கிலோமீட்டர். நாலடி கூடுதலாக ஏறியும் சுதாரிக்கக் கிடைக்கிற அவகாசம் 0.2 நொடிதான் கூடுகிறது. ‘விழுந்தா குதிச்சுச் சமாளிச்சுக்குவேன்’ என்கிற மாமா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். கேட்பார் என்பதற்கு நான் பொறுப்பல்ல.

✦ உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். குளியலறையில் வழுக்கியவரும் இதில் சேர்த்தி, மாடியிலிருந்து விழுந்தவரும் சேர்த்தி. ஐந்தில் நாலு பங்குக்கு மேல் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நடக்கிறது.

✦ சுவரில் சாய்க்கிற ஏணிக்கு ஒரு கணக்கு உண்டு: நாலுக்கு ஒன்று. ஏணி சுவரைத் தொடும் இடம் 12 அடி உயரம் என்றால், ஏணியின் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி நிற்க வேண்டும். சாய்வு 75 டிகிரி அளவில் வரும். இதற்காக டேப் தேடி அலைய வேண்டாம். ஏணியின் கால்களை உங்கள் கால் பெருவிரலால் தொட்டபடி நிமிர்ந்து நின்று, கைகளை நேராக நீட்டுங்கள். உள்ளங்கை குறுக்குப்படியில் இயல்பாகப் பதிந்தால் சரி. இதைவிடச் செங்குத்தாக வைத்தால் ஏறுகிறவரோடு ஏணி பின்பக்கம் சாயும். அதிகம் சாய்த்து வைத்தால் அதன் கால் வழுக்கும்.

டைல்ஸும் கிரானைட்டும் வந்தபின் இந்தக் கால் வழுக்குகிற ஆபத்தைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கிறது. மண்தரையில் மூங்கில் ஏணியின் கால் கொஞ்சம் புதைந்து உட்காரும். அலுமினிய ஏணிக்கோ அடியில் இருக்கிற ரப்பர் புஷ்தான் ஒரே பிடிமானம். அது தேய்ந்து விழுந்த பிறகும் ஏணியை வருடக்கணக்கில் வைத்திருப்போம். ஹார்டுவேர் கடையில் புஷ் தனியாகவே கிடைக்கும், வாங்கி மாட்டலாம். வழுக்கக் கூடாதே என்று டைல்ஸ் மேல் சாக்கை விரித்து அதன்மேல் ஏணியை நிறுத்துகிறவர்களும் உண்டு. அங்கே முதலில் வழுக்குவது சாக்குதான்.

✦ கீழே ஒருத்தர் பிடித்துக்கொண்டால் போதும் என்பது நம் எல்லோருடைய நம்பிக்கை. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு, வேறு வழியே இல்லாதபோது செய்ய வேண்டிய கடைசி ஏற்பாடாகத்தான் இதை வைத்திருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது ஏணியைக் கயிற்றால் கட்ட முடியுமா என்று. ஜன்னல் கம்பியில் கட்டலாம், தூணில் கட்டலாம். மழைநீர் இறங்கும் பிளாஸ்டிக் குழாயில் கட்டுவது கட்டாமல் விடுவதைவிட மோசம்; கட்டியிருக்கிறோம் என்ற தைரியம் வேறு சேர்ந்துகொள்ளும். பிடிக்க வந்தவர் ஒரு கையில் ஏணியும் மறு கையில் செல்போனுமாக நின்றால், அவரை அனுப்பிவிட்டுக் கயிறு தேடுவதே மேல்.

✦ தொப்புள் கணக்கு தெரியுமா? ஏணியில் நிற்கும்போது உங்கள் தொப்புள் இரண்டு பக்கக் கம்பங்களுக்கு நடுவிலேயே இருக்க வேண்டும். கம்பத்தைத் தாண்டி வெளியே போனால் உடம்பின் எடை ஏணியை ஒருபக்கமாகத் திருகத் தொடங்கும்.

என்னைக் கேட்டால் ஏணி பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம். சுவரில் முக்கால் பங்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. மூலையில் ஒரு ஜாண் இடம் பாக்கி. இறங்கி, வாளியை இறக்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏறினால் இரண்டு நிமிடம். எட்டினால் இரண்டு நொடி. அந்த இடத்தில்தான் இடது கை பிடியை விடுகிறது, வலது கால் படியிலிருந்து கிளம்புகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு காலும் ஒரு கையுமோ, இரண்டு கையும் ஒரு காலுமோ எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும் என்பார்கள். மூலையில் இருக்கிற அந்த ஒரு ஜாணுக்கு முன்னால் இந்த விதி நிற்பதில்லை. ஆகவே வேலையைத் தொடங்கும்போதே ஏணியை எத்தனை தடவை நகர்த்த வேண்டும் என்று முடிவு செய்துவிடுங்கள். மேலே போனபின் எடுக்கிற முடிவு சோம்பேறித்தனமாகத்தான் இருக்கும்.

✦ இரண்டு பக்கமும் கால் விரிகிற மடக்கு ஏணியின் உச்சித் தட்டு நிற்பதற்கானது அல்ல. பெயிண்ட் டப்பாவும் திருப்புளியும் வைப்பதற்கானது. சாய்ப்பு ஏணியில் மேலே உள்ள மூன்று படிகளில் கால் வைக்கக் கூடாது. சாய்ப்பு ஏணி வழியாக மொட்டைமாடியில் இறங்குவதானால், மாடி விளிம்புக்கு மேலே ஏணி 3 அடி நீண்டிருக்க வேண்டும். பிடித்துக்கொண்டு கால் மாற்ற அந்த நீளம் தேவை.

✦ ஏணியில் ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் நிற்கலாம்? மேலே சொன்ன அதே பிரிட்டிஷ் அமைப்பு தருகிற உத்தேச வரம்பு 30 நிமிடம். அதற்கு மேல் போகிற வேலைக்குச் சாரம் கட்ட வேண்டும்.

✦ வீட்டில் ஏணியே இல்லாதவர்களுக்கு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. கட்டில் மேல் நாற்காலி, நாற்காலி மேல் அம்மா, அம்மா கையில் ஒட்டடைக் கம்பு. வெயிலில் வருடக்கணக்கில் கிடந்த பிளாஸ்டிக் இற்றுப்போயிருக்கும், வெளியே தெரியாது. உட்காரத் தாங்குகிற கால்கள், ஒரு மூலையில் நின்றால் சட்டென்று விரியும். கம்பை இன்னும் இரண்டடி நீளமாக வாங்கினால் யாரும் எதன் மேலும் ஏற வேண்டியதில்லை.

✦ வேதாளம் ஏறினாலும் நீங்கள் முருங்கை மரத்தில் ஏறாதீர்கள். அதன் கட்டை மென்மையானது, கிளை வளைந்து எச்சரிக்காமல் படக்கென்று முறியும். கை கனத்த கிளையும் ஆள் பாரத்துக்கு நிற்காது. நாட்டுப்புறத்தில் பிள்ளைகளைப் புளியமரத்தில் ஏறவிட்டு முருங்கையில் ஏறினால் அடிப்பது காரணத்தோடுதான். காயை எட்டாத உயரத்துக்கு விடாமல், காய்ப்பு முடிந்ததும் வெட்டிவிட்டால் மரம் தாழ்வாகவே தழைக்கும்.

✦ மாங்காயும் தேங்காயும் பறிக்கிற தொரட்டி மூங்கிலாக இருந்தவரை பயம் கொஞ்சம் குறைவு. நீளம் அதிகம் என்று அலுமினியக் குழாயும் இரும்புக் குழாயும் வந்தபின், தோட்டத்தின் மேலே போகும் மின்கம்பியில் அது பட்டு இறந்தவர்களின் செய்தியை நாளிதழில் அடிக்கடி பார்க்கிறோம். அலுமினிய ஏணிக்கும் இதேதான். நட்டக்குத்தலாக நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு நடக்கும்போதுதான் கம்பியில் படும், படுக்கவைத்துத் தூக்குங்கள். நனைந்த மூங்கிலிலும் மின்சாரம் பாயும். கம்பி மேல் கிளை சாய்ந்திருந்தால் அரிவாளை எடுக்க வேண்டாம். மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987. வந்து மின்சாரத்தை நிறுத்திவிட்டு அவர்களே வெட்டட்டும்.

✦ தென்னை ஏற ஆள் கிடைக்காத காலத்தில் உதவிக்கு வந்த கருவியை உருவாக்கியவர், கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம். ஜே. ஜோசப் என்ற விவசாயி. காலை மாற்றி மாற்றி அழுத்தினால் இரும்புக் கயிறு மரத்தை இறுக்கிப் பிடித்து மேலேறும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் ‘தென்னை மரத்தின் நண்பர்கள்’ என்ற பயிற்சியைத் தொடங்கியது. பெண்கள் பலர் மரம் ஏறக் கற்றுக்கொண்டது இந்தக் கருவியால்தான். உச்சிக்குப் போனபின் இடுப்புப் பட்டையை மரத்தோடு கட்டாமல் மட்டையில் கை வைப்பதை மட்டும் எந்தக் கருவியும் தடுக்காது.

✦ தேங்காய் தலையில் விழுவது பற்றி ஆராய்ந்து ஒருவர் பரிசே வாங்கியிருக்கிறார். பீட்டர் பார்ஸ் என்ற மருத்துவர் பாப்புவா நியூகினியின் அலோட்டாவ் மருத்துவமனையில் நான்கு ஆண்டுச் சேர்க்கைப் பதிவுகளைப் புரட்டினார். காயம்பட்டு அனுமதிக்கப்பட்டவர்களில் 2.5 சதவீதம் பேர் தேங்காய் விழுந்து வந்தவர்கள். 1984-இல் கட்டுரை வெளியானது. சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2001-இல் கிடைத்தது. அதே பார்ஸ், மரத்திலிருந்து விழுந்தவர்கள் பற்றியும் எழுதினார். அவர்களின் எண்ணிக்கைதான் அங்கே மிக அதிகம். அதற்குப் பரிசு ஒன்றும் வரவில்லை. அதில் சிரிக்க எதுவும் இல்லை போலும்.

✦ மலையில் தேனெடுக்க மூங்கில் ஏணி சாத்திய செய்தி மலைபடுகடாத்தில் இருக்கிறது. ஸ்பெயினில் பிகோர்ப் அருகே ஒரு குகையில், கொடியைப் பிடித்துத் தொங்கியபடி தேனெடுக்கும் உருவம் பல ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தீட்டப்பட்டிருக்கிறது. நீலகிரியின் குறும்பர்கள் கொடியேணி கட்டி இன்றும் பாறைத் தேன் எடுக்கிறார்கள்.

✦ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை, தரையைப் போலத் தெரியும், தரை அல்ல. பழையதாக ஆக நொறுங்கும். ஷீட் மாற்றவும் கூரையில் விழுந்த பந்தை எடுக்கவும் ஏறுகிறவர்கள் கூரையோடு உள்ளே விழுகிறார்கள். அடியில் சட்டம் ஓடுகிற இடத்தைப் போல்ட் வரிசை காட்டும். அதுவும் போதாது, சட்டங்களின் குறுக்கே பலகை போட்டு, பலகை மேல்தான் நகர வேண்டும்.

✦ சுண்ணாம்பு கண்ணில் பட்டால் அமிலத்தைவிட ஆபத்து. அமிலம் மேலே உள்ள திசுவை உறையவைத்துப் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். காரம் உள்ளே ஊடுருவிக்கொண்டே போகும். அண்ணாந்து வெள்ளையடிக்கும்போது கண்ணாடி போடுவது அதற்காக. பட்டுவிட்டால் தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று தேடாமல் இமையை விரித்துப் பிடித்து நல்ல தண்ணீரால் 20 நிமிடமாவது கழுவி, துகள் ஒட்டியிருந்தால் அகற்றி, நேரே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

✦ பைஃபோகல் கண்ணாடி போட்டிருக்கிறீர்களா? அதன் கீழ்ப்பாதி படிப்பதற்கானது. ஏணியில் இறங்கும்போது அதன் வழியாகக் குனிந்து பார்த்தால் கீழ்ப்படி மங்கலாகத் தெரியும். ரத்த அழுத்தத்துக்கும் புரோஸ்டேட்டுக்கும் சாப்பிடுகிற சில மாத்திரைகள், சட்டென்று எழும்போது தலைசுற்றலைத் தரும். அறுபது வயதில் கிறங்காமல் பரணை அண்ணாந்து பார்ப்பதே ஒரு வேலை. தாத்தா கீழே நின்று அதிகாரம் செய்யட்டும்.

✦ 1999 மார்ச் 17 இரவு, இங்கிலாந்தின் நகைச்சுவைக் கலைஞர் ராட் ஹல், மான்செஸ்டர் யுனைடெட், இன்டர் மிலன் அணிகளின் கால்பந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவியில் படம் சரியாக வரவில்லை. ஆன்டெனாவைத் திருப்பக் கூரையில் ஏறி, விழுந்து இறந்தார். வயது 63.

✦ உயரத்திலிருந்து காலூன்றி விழுந்தவரின் குதிகால் எலும்பு உடைந்திருந்தால், மருத்துவர் முதுகெலும்பையும் சேர்த்தே பார்ப்பார். குதிகாலில் இறங்கிய அதிர்ச்சி நேரே மேலேறி இடுப்புக்கு மேலுள்ள முள்ளெலும்பையும் நொறுக்கியிருக்கலாம். பத்தில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது. குதிகால் வலியில் முதுகு வலி தெரியாமல் போவதுதான் சிக்கல்.

✦ ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் 2006-இல் பிஜி தீவில் மரத்திலிருந்து விழுந்தார். தென்னையிலிருந்து விழுந்ததாக உலகமெல்லாம் பேச்சு. உண்மையில் அது தாழ்வான மரம். முதலில் ஒன்றும் இல்லை என்றுதான் இருந்தது. சில நாளில் தலைவலி கூடி, நியூசிலாந்துக்குக் கொண்டுபோய் மண்டைக்குள் கசிந்த ரத்தத்தை அறுவை செய்து எடுத்தார்கள். தலையில் அடிபட்டு எழுந்து நடந்து டீ குடித்தவரும் தப்பிவிட்டார் என்று சொல்ல முடியாது. வயதானவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வாரக்கணக்கில் கழித்துக்கூடக் குழப்பமும் தள்ளாட்டமும் வரலாம். பொங்கலுக்கு விழுந்தவர் மாசியில் உளறினால் வயசாயிடுச்சு என்று விட்டுவிடாதீர்கள்.

✦ விழுந்தவரைச் சுற்றிக் கூட்டம் கூடினால் முதலில் நடப்பது, இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்து உட்கார வைப்பது. அடுத்து ஒரு சொம்புத் தண்ணீர். இரண்டும் தவறு. கழுத்தும் முதுகும் திரும்பாமல் படுத்த நிலையிலேயே விட்டு, 108-ஐ அழையுங்கள். மூச்சு வருகிறதா என்று பாருங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

✦ மேலே ஏறுவதைவிடக் கீழே இறங்குவது பயங்கரம். பல நாள் மூடிக் கிடந்த கிணறு, சம்ப், செப்டிக் டேங்க் ஆகியவற்றில் பிராணவாயு குறைந்திருக்கும். செப்டிக் டேங்கில் ஊறும் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றது என்று இறங்கியவர் மயங்க, அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்குவார். செப்டிக் டேங்குக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கழிவை உறிஞ்சும் லாரிக்குச் சொல்லுங்கள்.

✦ வெள்ளையடிக்க வருகிற பெயிண்டரும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பனையேறிகளுக்குத் தனி வாரியமே இருக்கிறது. விபத்தில் இறந்தாலோ ஊனமுற்றாலோ உதவித்தொகை உண்டு, பதிவு உயிரோடு இருந்தால். புதுப்பிக்காமல் விட்ட அட்டை பலரிடம் இருக்கும். கூலி பேசும்போது ‘அட்டை எடுத்துட்டீங்களாண்ணே?’ என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.