அகதியும் அத்தாட்சியும்



நள்ளிரவில் ஒருவர் நம் வீட்டுக் கதவைத் தட்டி, “என்னைக் கொல்ல வருகின்றார்கள், உள்ளே விடுங்கள்” என்று கதறுகின்றார் என வைத்துக்கொள்வோம். அவர் கூறுவது மெய்யாயிருந்து, நாம் கதவைத் திறவாதிருந்தால் பெரும்பழி நம்மைச் சேரும். அவர் கள்வராயிருந்து, நாம் திறந்துவிட்டால் வீடு கொள்ளை போகும். புகலிடம் அளிக்கும் நாடுகளுக்கு நாள்தோறும் ஏற்படுவது இத்தகைய தருமசங்கடமே. இரக்கமும் விழிப்பும் ஒருங்கே நிற்றல் கூடுமா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

அகதி யார் என்பதை 1951 ஆம் ஆண்டின் ஜெனீவாச் சமவாயம் வரையறுத்துள்ளது. இனம், சமயம், தேசியம், குறித்ததொரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியற் கருத்து ஆகியவற்றுள் ஒன்றன் காரணமாகத் துன்புறுத்தப்படலாம் எனத் தக்க ஆதாரத்துடன் அஞ்சித் தாய்நாட்டுக்கு வெளியே நிற்பவர் அகதியாவர். உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அவரைத் திருப்பி அனுப்புதல் ஆகாது. வறுமை நீங்கி நல்வாழ்வு பெறவே கடல் கடப்பவர் இவ்வரைவிலக்கணத்துள் அடங்கார். எனவே, அத்தகையோருட் சிலர் அகதி என்னும் பெயரைப் பொய்யாகப் பூண முற்படுகின்றனர். மெய்யான அகதிக்கோ வேறொரு தொல்லை உண்டு. துன்புறுத்துவோர் எவரும் அத்தாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுப்பதில்லை.

நம்மவரோடு தொடர்புடைய நிகழ்ச்சியொன்றை நோக்குவோம். 1986 ஓகஸ்ட் மாதத்தில், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழரை மீனவர்கள் காப்பாற்றினர். தாம் இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலிற் கூறினர். உண்மையில் அவர்களை ஏற்றிவந்த கப்பல் மேற்கு ஜேர்மனியிலிருந்து புறப்பட்டது என்பது சில நாட்களில் வெளிப்பட்டது. இரங்கிய மக்களிற் பலர் சினங்கொண்டனர். ஆயினும் கனேடிய அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. ஓராண்டுக்குத் தங்கியிருக்க அனுமதி வழங்கிற்று.

இது ஏமாளித்தனமா? அன்று. பொய்யில் இருவகை உண்டு. வந்த வழியைப் பற்றிய பொய் ஒன்று. அஞ்சும் காரணத்தைப் பற்றிய பொய் மற்றொன்று. அவர்கள் வழியை மறைத்தனர். ஆனால் 1983 ஜூலைக் கலவரம் பொய்யன்று. ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகளுக்கான உயர் ஆணையாளர் அலுவலகம் 1979 இல் வெளியிட்ட கைந்நூலும், பொய்யுரை ஒன்று மட்டுமே அகதி நிலையை மறுக்கப் போதுமான காரணமாகாது என்றே கூறுகின்றது. அப்பொய்யை வழக்கின் முழு வரலாற்றோடும் வைத்து எடைபோட வேண்டும் என்பது அதன் கருத்து.

எடைபோடுவது எவ்வாறு? 1985 வரை கனடாவில், அகதிக் கோரிக்கைகளை ஆராய்ந்த குழுவினர் பொதுவாகக் கோரிக்கையாளரை நேரிற் கண்டதில்லை. எழுத்தில் வந்த வாக்குமூலத்தையே படித்தனர். ஒருவரின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும்போது அவரை நேரில் விசாரித்தல் வேண்டும் என 1985 ஏப்ரலில் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு இரக்கத்துக்கு மட்டும் துணையானது எனக் கருதலாகாது. தரகர் எழுதிக் கொடுத்த கதையைத் தாளிற் கண்டுபிடித்தல் அரிது. நேரில் வினவி, அந்நாட்டு நிலைமை பற்றி அறியப்பட்டவற்றோடு ஒப்புநோக்கும்போதே மெய்யும் பொய்யும் பிரிந்து தோன்றும். எனினும், கொடுமைக்கு ஆளானவர் நாளையும் நேரத்தையும் மாற்றிச் சொல்லக்கூடும். அத்தடுமாற்றம் எல்லாம் வஞ்சகம் ஆகாது. கிடைக்கும் சான்றுகளை எல்லாம் ஆராய்ந்த பின்னும் ஐயம் எஞ்சுமாயின், அவர் பொதுவாக நம்பத்தக்கவராயிருந்தால், ஐயத்தின் பயனை அவருக்கே அளித்தல் வேண்டும் என்பது மேற்குறித்த கைந்நூலின் நெறி. ஆராயுமுன் ஐயத்தின் பயன் இல்லை; ஆராய்ந்த பின் அதை மறுப்பதும் இல்லை.

காலதாமதமும் ஒரு கேடே. கோரிக்கைகள் ஆண்டுக்கணக்கிற் குவிந்து கிடந்தால், பொய்யர்க்கு அத்தாமதமே இலாபம். மெய்யர்க்கோ அதுவே தண்டனை. பிள்ளைகளைப் பிரிந்து, நாளை என்னவாகுமோ என ஏங்கியிருப்பவர் மெய்யரே. ஆகவே விரைவும் வேண்டும்; தவறு நேர்ந்தாற் திருத்த மேன்முறையீடும் வேண்டும். கனடாவில் 2001 ஆம் ஆண்டுச் சட்டம் வாக்களித்த அகதிகள் மேன்முறையீட்டுப் பிரிவு 2012 டிசம்பரிலேயே இயங்கத் தொடங்கிற்று என்பது இங்கு நினைக்கத்தக்கது.

புகலிடத்தில் நேரும் இருவகைத் தவறும் சமமானவை அல்ல. பொய் கூறிப் பெற்ற அகதி நிலையைப் பின்னர் நீக்குவதற்குச் சட்டத்தில் இடமுண்டு. தவறாகத் திருப்பி அனுப்பப்பட்டு உயிரிழந்தவரை மீட்டு அழைக்க எச்சட்டத்தாலும் இயலாது. அதேவேளை, வஞ்சகத்தைக் கண்டும் காணாதிருத்தல் கருணையும் அன்று. ஒரே கதையைப் பலர் கற்றுக்கொண்டு வந்தால், அக்கதையை உண்மையில் அனுபவித்தவரின் சொல்லும் செல்லாக் காசாகிவிடும். பொய்யரால் முதலில் நட்டமடைபவர் மெய்யான அகதியே. எனினும், பொய்யர்க்கு அஞ்சிப் புகலிடத்தையே ஒழிப்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதை ஒக்கும்.

நள்ளிரவிற் கதவு தட்டப்படும்போது காதைப் பொத்திக்கொள்வதும் முறையன்று. கண்ணை மூடிக்கொண்டு திறப்பதும் முறையன்று. விளக்கை ஏற்றி, முகம் பார்த்து, பொறுமையோடு வினவி, அவரைத் துரத்துவோர் வந்து சேருமுன் முடிவு செய்தல் வேண்டும். அதுவே இரக்கத்துக்கும் நீதிக்கும் ஏற்ற வழியாகும்.