மூளையில் பூச்சி: மருந்தா, சத்திரசிகிச்சையா?

போன தை மாதம், திராமனில் அக்கா வீட்டில் காலைச் சாப்பாட்டு நேரம். பன்னிரண்டு வயது மருமகனுக்கு வலது கை தன்பாட்டில் துடிக்கத் தொடங்கியது. அக்கா உடனே 113க்கு அடித்தா. ஆம்புலன்ஸ் வர முதலே துடிப்பு நின்றுவிட்டது. ஆனால் ஸ்கானில், மூளையின் மேற்பரப்புக்குக் கிட்ட மோதிரம் மாதிரி ஒரு சின்ன வளையம். பன்றி நாடாப்புழுவின் குடம்பி என்றார்கள்.

"நாங்கள் வீட்டில பன்றியே சமைக்கிறேல்லையே!" என்று அக்கா அழுதா. "அதை வெட்டி எடுக்கேலாதோ?" என்று அத்தான் கேட்டார்.

அக்காவின் கேள்விக்கு முதலில் பதில். சரியாக வேகாத பன்றி இறைச்சியால் குடலில்தான் நாடாப்புழு வரும். மூளைக்குப் போவது வேறு வழி. குடலில் புழு உள்ள ஒருவரின் மலத்தோடு முட்டைகள் வெளியேறும். கழுவாத கையாலோ அசுத்தமான தண்ணீர், பச்சை மரக்கறியாலோ அவை மற்றவர் வாய்க்குள் போகலாம். ஆகவே சுத்த சைவக்காரருக்கும் இது வரும். மருமகன் மூன்று வருடத்துக்கு முதல் தமிழ்நாட்டில் லீவுக்கு நின்றவன். தொற்றிப் பல வருடம் கழித்தும் வலிப்பு வரலாம்.

அத்தானின் கேள்விக்குப் பதில் வேலூரில் இருக்கிறது. 1980களில் இந்தியாவில் இப்படி ஒற்றை வளையம் தெரிந்தால், காசநோய்க் கட்டி என்று நினைத்துப் பலருக்கு நீண்ட காலம் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சத்திரசிகிச்சை நிபுணர்கள் சாண்டி, ராஜசேகர் குழுவினர் சில வளையங்களை வெட்டி எடுத்துச் சோதித்தபோது, உள்ளே இருந்தது சாகும் நிலையிலிருந்த குடம்பி. 1989இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். பல வளையங்கள் வலிப்பு மருந்தோடு தாமாகவே மறைவதும் தெரியவந்தது. அன்று செய்த அந்தச் சத்திரசிகிச்சைகளால்தான் இன்று இப்படியான பிள்ளைகளின் தலையைத் திறக்கத் தேவையில்லை.

இப்போது வழக்கமான வைத்தியம் வலிப்பு மருந்து, அல்பெண்டசோல், கூடவே ஸ்டெராய்டு. குடம்பி சாகும்போது சுற்றியுள்ள மூளை வீங்கும். அதை அடக்கத்தான் ஸ்டெராய்டு. காய்ந்து சுண்ணாம்பாகிய கட்டிக்குப் பூச்சி மருந்து தேவையில்லை.

கத்தி தேவைப்படும் இடமும் உண்டு. மூளையின் நீர் அறைக்குள் குடம்பி அடைத்துக்கொண்டால் நீர் தேங்கி அழுத்தம் ஏறும். அப்போது மருந்துக்குக் காத்திருக்க முடியாது. முடிந்தால் எண்டோஸ்கோப்பால் குடம்பியை எடுப்பார்கள், அல்லது நீரை வடிக்கக் குழாய் வைப்பார்கள்.

அம்மா சொன்னா: "ஊரில இருந்து கொண்டுவந்த பூச்சி மருந்தும் அதுதானே, குடுத்துப் பாப்பமே?" அதைத் தடுத்தது நல்லதாய்ப் போச்சு. தலையில் அழுத்தம் இருக்கும்போது, அல்லது கண்ணுக்குள்ளும் குடம்பி இருக்கும்போது, அந்தக் குளிசையே ஆபத்து. அதனால்தான் வைத்தியர்கள் முதலில் கண்ணைச் சோதித்தார்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு எடுத்த ஸ்கானில் வளையம் இல்லை. வலிப்பு மருந்து மட்டும் தொடர்கிறது. வைத்தியர் சொல்லாமல் அதை நிறுத்த மாட்டோம்.

உங்கள் பிள்ளைக்கு வலிப்பு வந்தால், பழைய பயணங்களையும் வைத்தியரிட்டைச் சொல்லுங்கோ. நாங்கள் அதைச் சொல்ல இரண்டு நாள் பிந்திவிட்டோம்.